அறிவும் ஒரு சொத்துதான்

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனவர்களின் குடும்பங்கள் நம்முடையவை. மரத்திலிருந்து மங்கில் சொட்டிய பால் ரப்பராகி, கப்பலேறிப் போய், டயராகத் திரும்பி வந்ததை நாம் அறிவோம். பாலுக்குக் கிடைத்த விலையையும் டயருக்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பாருங்கள். இயந்திரம், கூலி ஆகியவற்றோடு யாரோ ஒருவருடைய அறிவும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறது. அந்த அறிவுக்கும் சட்டப்படி சொந்தக்காரர் உண்டு. இதைத்தான் அறிவுசார் சொத்துரிமை என்கிறார்கள்.

நிலத்துக்கு வேலி போடலாம். மாட்டைக் கட்டி வைக்கலாம். ஆனால் ஒருவர் கண்டறிந்ததை மற்றவர் கேட்டாலே போதும், அது அவருக்கும் கிடைத்துவிடும். ஆகவே இந்தச் சொத்துக்குச் சட்டமே வேலியாக நிற்கிறது. அந்த வேலி பல வகைப்படும்.

முதலாவது காப்புரிமை. 'பேட்டண்ட்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதை விளக்க ரப்பரின் கதையே போதும். முற்காலத்தில் ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் என்பவர் 1839ஆம் ஆண்டில், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டார். அமெரிக்காவில் அவருக்கு 1844இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதற்குள் அவருடைய ரப்பர்த் துண்டுகள் இங்கிலாந்துக்குப் போய்விட்டன. அவற்றைப் பார்த்த தாமஸ் ஹான்காக் என்பவர் தாமும் சோதனை செய்து, 1843இலேயே அங்கே விண்ணப்பம் போட்டுவிட்டார். சில வாரங்கள் பிந்திய குட்இயர் இங்கிலாந்தில் உரிமையை இழந்தார். 1860இல் அவர் இறந்தபோது மிஞ்சியது கடன்தான். இன்று டயரில் நாம் காணும் அவர் பெயர், 1898இல் வேறொருவர் தொடங்கிய நிறுவனம் அவர் நினைவாக வைத்துக்கொண்டது.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இதைக் கவனிக்கிறது. கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்தவருக்கும் எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்பட வேண்டும். கண்டுபிடித்தவர் தம் செய்முறையை எழுதிக் கொடுத்து ஊரறியச் செய்கிறார். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவருக்கு மட்டும் உரிமை. அதற்குப் பிறகு அது எல்லாருக்கும் பொது. சிறிய சீர்திருத்தங்களுக்குப் 'பயன்பாட்டுப் புத்தாக்கம்' என்ற வேறொரு சான்றிதழும் உண்டு. செம்பனைக் குலை வெட்டும் அரிவாளில் உங்கள் மகன் ஒரு புதுமை செய்திருந்தால், ஊரெல்லாம் காட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். தாமே வெளியிட்ட பின் விண்ணப்பிக்க நம் சட்டம் ஓராண்டு தவணை தருகிறது. எல்லா நாடுகளும் அப்படித் தருவதில்லை.

இரண்டாவது வணிகச் சின்னம். ஒரு பொருள் யாருடையது என்று காட்டும் பெயரும் படமும் இது. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் 1999இல் 'மெக்கறி' என்ற உணவகம் திறக்கப்பட்டது. மலேசியக் கோழிக் கறி என்பதன் சுருக்கமே அப்பெயர் என்றார்கள் அதன் உரிமையாளர்கள். 'மெக்' என்ற முன்னொட்டு எங்கள் நற்பெயரைச் சேர்ந்தது என்று மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2001இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு அந்தப் பெரிய நிறுவனத்துக்குச் சாதகமாயிற்று. உணவகத்தார் மேல் முறையீடு செய்தார்கள். பெயர்ப் பலகையும் நிறமும் வேறு, பரிமாறும் உணவும் வேறு. மக்கள் ஏமாற இடமில்லை என்று 2009இல் மேல் முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது.

இவ்வழக்கில் இரு பாடங்கள் உள்ளன. பிறர் சின்னத்தைப் பார்த்து மக்கள் ஏமாறும்படி நாம் தொழில் செய்யக் கூடாது. அதே சமயம், எதிரி பெரியவர் என்பதற்காக நம் நியாயத்தை விட்டுவிடவும் வேண்டியதில்லை. வீட்டில் மசாலைத் தூள் அரைத்து விற்கும் தாய்மார்களே, பெயரைப் பதிந்துகொண்டால் பத்தாண்டு பாதுகாப்பு; மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். அத்தூளின் பக்குவத்தை வெளியே சொல்லாமல் காத்தால் அதுவும் வணிக இரகசியம் என்ற சொத்தே. சொல்லிவிட்டால் போயிற்று.

மூன்றாவது பதிப்புரிமை. கதை, கவிதை, பாட்டு, ஓவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு உரியது. இதற்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்த உடனே உரிமை பிறக்கிறது. ஆனால் மனத்தில் இருக்கும் எண்ணத்துக்கு உரிமையில்லை. எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ உருப்பெற வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவரின் ஆயுள் முழுவதும், இறந்த பின் 50 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். நம் பினாங்கில் பிறந்த கலைஞர் பி. ரம்லி 1973இல் மறைந்தார். அவரே அமைத்த மெட்டுகளுக்கு இந்தக் கணக்கின்படி 2023ஆம் ஆண்டு முடிவோடு காலம் தீர்ந்தது. அவர் பாடிய பாட்டுக்குச் சொல் எழுதியவர் வேறொருவரானால், அவருக்குத் தனிக் கணக்கு.

மேலும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளின் தோற்றத்துக்கு உள்ள உரிமை தொழில் வடிவமைப்பு. புதுப்பித்து வந்தால் 25 ஆண்டு வரை செல்லும். ஓர் ஊரின் மண்ணாலும் கைப்பழக்கத்தாலும் பெயர் பெற்ற பொருளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சரவாக் மிளகும், தமிழ்நாட்டின் மதுரை மல்லியும் அப்படிப்பட்டவை. அது தனி ஒருவருடையதல்ல. அவ்வூர் உற்பத்தியாளர்களுக்குப் பொதுவானது.

இப்போது அந்த டயரை மீண்டும் பாருங்கள். ரப்பரைப் பக்குவம் செய்யும் முறை காப்புரிமை. தரையைப் பிடிக்கும் பட்டையின் கோலம் வடிவமைப்பு. பக்கத்தில் பொறித்த பெயர் வணிகச் சின்னம். அதை விற்கப் பாடும் விளம்பரப் பாட்டு பதிப்புரிமை. ஒரு பொருளில் நான்கு வேலிகள்!

நேயர்களே, இவ்வுரிமைகளைப் பதியும் இடம் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். இங்கே பதிந்த காப்புரிமை இந்நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நம் பெரியவர்கள் பிறர் நிலத்தில் உழைத்தார்கள். வெட்டிய பாலும் பிறருக்கே போயிற்று. நம் பிள்ளைகளின் தலையில் விளைவதாவது அவர்களுக்குச் சொந்தமாகட்டும். புதிதாக ஒன்று செய்தால் நாள் குறித்து எழுதி வையுங்கள்; அவசரப்பட்டு வெளியிடாதீர்கள்; காலம் தாழ்த்தாமல் பதியுங்கள்.