மீன் வாங்காத நாளில் மீன் கவிச்சி

சித்திரை மாதத்து இரவு. அன்று எங்கள் வீட்டில் மீன் வாங்கவே இல்லை; ஆனாலும் படுக்கையறையில் மீன் கவிச்சி. பக்கத்து வீட்டுச் சமையலோ என்று ஜன்னலைத் திறந்தும் மூடியும் பார்த்தோம். கடைசியில் அம்மாதான் ஏசி பிளக் பக்கம் முகர்ந்துவிட்டு, "இங்கேருந்துதான் வருது, முதல்ல ஆஃப் பண்ணு" என்றார்.

மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கை உருவினேன். ஒரு பின் பழுப்பேறியிருந்தது. சாக்கெட்டின் துளை ஓரம் கருகிப் பொரிந்திருந்தது. சுவிட்ச், சாக்கெட் செய்யும் யூரியா ஃபார்மால்டிஹைடு அளவுமீறிச் சூடேறினால் அமின்கள் வெளிவரும். கெட்டுப்போன மீனின் வாடைக்கும் அமின்களே காரணம்.

ஒன்றரை டன் ஏசி முழுவீச்சில் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். பிளக் பின்னைச் சாக்கெட்டின் பித்தளைத் தகடு இறுக்கிப் பிடித்திருந்தால் அந்த இடத்தில் மின்தடை இல்லையென்றே சொல்லலாம். பிடி தளர்ந்து, வெறும் அரை ஓம் தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம்: 8 × 8 × 0.5 = 32 வாட். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான்! அதே சாக்கெட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் டிவியை மாட்டினால் எட்டில் ஒரு பங்கு வாட், தொட்டாலும் தெரியாது. பல வருடம் டிவிக்கு நன்றாக உழைத்த சாக்கெட் ஏசிக்குக் கருகுவது இதனால்தான்.

எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஆனால் எம்சிபி பார்ப்பது மின்னோட்டம் அளவு மீறுகிறதா என்பதை மட்டுமே. லூஸ் கான்டாக்டில் மின்னோட்டம் கூடுவதில்லை. அதே 8 ஆம்பியர்தான். மின்கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியும் அசையாது, கசிவே இல்லையே. ஆகவே எதுவும் ட்ரிப் ஆகாமல் சாக்கெட் வெந்துகொண்டிருக்கும். சூட்டில் பித்தளைத் தகட்டின் விறைப்பு போகும், உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும், தடை ஏறும், சூடு இன்னும் ஏறும். ஏசி ஓடும் இரவில் சூட்டில் விரிந்து, ஓடாத பகலில் சுருங்கும் கம்பி, ஸ்க்ரூவின் பிடியிலிருந்தும் மெல்ல நழுவும்.

கருகிய சாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். விறைப்பு இழந்த தகடு மீண்டும் இறுகாது; மாற்றியே ஆகவேண்டும். ஏசியையோ வாட்டர் ஹீட்டரையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. 2,000 வாட் ஹீட்டரும் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன், கறுத்த கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போனார். மூன்று விரற்கடை வெட்டிய பிறகுதான் செம்பு பளிச்சென்று சிவந்தது. "இதுவரைக்கும் சூடு ஏறியிருக்கு சார்" என்று அந்த முனையைக் காட்டிவிட்டு, பிளக்கே வேண்டாமென்று கம்பியை நேராக ஐசொலேட்டர் சுவிட்சில் முறுக்கினார்.