எந்தத் தம்புராவை வைத்துக்கொள்வது?



பொருள்களைச் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றுள் எதனை வைத்துக்கொள்வது, எதனைப் பிறருக்கு அளிப்பது என்று தெளிவது அரிது. அப்பொருள் இசைக்கருவியாக இருந்துவிட்டால் இவ்வருமை இன்னும் மிகுதியாகும். பழைய நாற்காலியையோ பெட்டியையோ கொடுத்துவிடுகிறோம். மனம் அதனை விரைவில் மறந்துவிடுகிறது. பல்லாண்டுகள் வீட்டில் ஒலித்த தம்புராவைக் கொடுப்பதென்றால், வீட்டிலுள்ளார் ஒருவரை நெடுந்தொலைவு அனுப்புவது போன்ற கலக்கம் உண்டாகின்றது. அந்நேரத்தில் எவ்வாறு சிந்தித்து முடிவு செய்யவேண்டும் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

தம்புராவைப் பற்றி முதலில் சில சொற்கள். பாட்டுக்கு அடித்தளமாக நிற்கும் கருவி இது. இராகத்தை இது வாசிப்பதில்லை, தாளத்தைக் காட்டுவதுமில்லை. பாடுகிறவர் எங்கே சென்றாலும் திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் இடத்தை இடையறாது காட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பலாமரத்தால் ஆன குடம், நீண்ட தண்டி, நான்கு தந்திகள், அவற்றை முறுக்கும் பிரடைகள், தந்திகளைத் தாங்கும் குதிரை ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். முதல் தந்தி பஞ்சமம். அடுத்த இரண்டும் ஷட்ஜம். நான்காவது, அவற்றிற்கு ஒரு ஸ்தாயி தாழ்ந்த மந்தர ஷட்ஜம். முதல் மூன்றும் எஃகுத் தந்திகளாகவும், மந்தரம் பித்தளைத் தந்தியாகவும் இருப்பது வழக்கம்.

கீரனூரில் நெடுநாள் வாழ்ந்த பெரிய வீட்டை விட்டு, அதே ஊரில் இரண்டே அறைகள் கொண்ட சிறு வீட்டிற்குக் குடிபோக வேண்டிய நிலை அண்மையில் எனக்கு ஏற்பட்டது. என்னிடம் மூன்று தம்புராக்கள் இருந்தன. ஒன்று என் தந்தையார் பாடும்போது மீட்டியது, பெரியது, குடத்தின் விளிம்பில் அழகிய கொம்பு வேலைப்பாடு உடையது. இரண்டாவது, காலஞ்சென்ற என் மனைவி வைத்திருந்த நடுத்தர அளவுள்ள தம்புரா, அலங்காரம் ஏதுமில்லாதது. மூன்றாவது, வெளியூர்ப் பயணங்களுக்கென்று வாங்கிய சிறு தம்புரா. புதிய வீட்டில் ஒன்றற்குத்தான் இடமிருந்தது.

விலையுயர்ந்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நண்பர் ஒருவர். தாத்தாவுடையதை எப்படிக் கொடுப்பது என்று கேட்டான் என் மகன். கைப்பேசியிலேயே சுருதி கிடைக்கும் இக்காலத்தில் மூன்றுமே எதற்கு என்றார் மற்றொருவர். மூவர் கூற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் விலை, நினைவு, வசதி ஆகிய மூன்றும் கருவியைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஆதலால் நான் கருவிகளையே நான்கு கேள்விகள் கேட்டுப் பார்த்தேன்.

முதற்கேள்வி: உடல் நலமாக இருக்கிறதா? தண்டியின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை நோக்கிப் பார்த்தால் வளைவு இருப்பின் தெரிந்துவிடும். குடத்தை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், பிளவு உள்ள இடம் கலகலவென்று ஒலிக்கும். குடமும் தண்டியும் கூடும் இடத்தை நன்கு ஆராயவேண்டும். இங்கே ஒரு பகுப்பு மிகவும் தேவை. தந்தி அறுவது, குதிரை தேய்வது, மெருகு மங்குவது ஆகியவை எளிதில் தீரும் குறைகள். வழுக்கும் பிரடைக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். தண்டி வளைவதும், மரத்தைப் பூச்சி அரிப்பதும், மேற்பலகை அமிழ்வதும் அப்படிப்பட்டவையல்ல. தீரும் குறைக்காக ஒரு கருவியைத் தள்ளுவதும் தவறு. தீராக் குறையை மெருகு மறைத்திருப்பது கண்டு மயங்குவதும் தவறு. இச்சோதனையில் என் சிறு தம்புரா தேறவில்லை. அதன் தண்டி வளைந்திருந்தது. மற்றை இரண்டும் நலமாக இருந்தன.

இரண்டாம் கேள்வி: இது எந்தச் சுருதிக்கு உரியது? இங்கேதான் நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகம் துணைக்கு வருகின்றது. தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர் விகிதத்திலும் அமையும். இவ்விதிகளை மெர்சேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1636-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். ஆடவர் பலர் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவர். அதில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகள் கொண்டது. பெண்டிர் பலர் ஐந்து கட்டையை ஒட்டிப் பாடுவர்; அதில் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 98 அதிர்வுகள். இரண்டிற்கும் உள்ள விகிதம் 2-க்கு 3.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கட்டைக்கு உரிய என் தந்தையாரின் தம்புராவை, அதே தந்திகளைக் கொண்டு ஐந்து கட்டைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? அதிர்வெண் ஒன்றரை மடங்கு ஆகவேண்டும். ஆகவே இழுவிசை ஒன்றரையின் வர்க்கம், அதாவது இரண்டேகால் மடங்கு ஆகவேண்டும். அவ்வளவு பாரத்தைத் தாங்காமல் தந்தி அறும். அறாவிட்டால் தண்டி வளையும். மாறாக, ஐந்து கட்டைத் தம்புராவை ஒரு கட்டைக்கு இறக்கினால் இழுவிசை ஒன்பதில் நான்கு பங்காகக் குறையும். தந்தி தளர்ந்து குழறும். தந்தியைப் பருமனாக்கிச் சரி செய்யலாமே என்று கேட்பீர்கள். ஓரளவு செய்யலாம். ஆனால் ஒன்றரை மடங்கு பருமனான தந்தி விறைப்பு மிகுந்தது. அதில் நாதத்தின் நயம் குன்றும். ஆகவே ஒவ்வொரு தம்புராவுக்கும் அதற்கே உரிய குரல் ஒன்று உண்டு. அக்குரலுக்கு வெளியே அது நல்ல கருவியன்று.

மூன்றாம் கேள்வி: நாதம் எத்தகையது? தம்புராவின் குதிரை மேற்புறம் கூர்மையாக இராது. அகன்று, மெல்ல வளைந்திருக்கும். அதன்மேல் தந்தியின் அடியில் ஒரு நூலை வைத்து நகர்த்துவர். நூல் உரிய இடத்தில் அமைந்தவுடன், அதுவரை மொட்டையாக ஒலித்த தந்தி தேனீக்கள் ரீங்கரிப்பதுபோல் விரிந்து ஒலிக்கும். இதனை ஜீவா என்பது எவ்வளவு பொருத்தம்! இவ்வியப்பை ஆராய்ந்தவர், எங்கள் கீரனூருக்கு வடக்கே திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன் அவர்கள். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் கண்ட விதி. வீணையும் தம்புராவும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்றும், வளைந்த குதிரையைத் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதே அதற்குக் காரணம் என்றும் 1921-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார்.

நல்ல தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுச் செவியைத் தீட்டிக் கேளுங்கள். யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதிலிருந்து எழும். தானே தோன்றுவதால் அதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். 65 அதிர்வுகளின் ஐந்து மடங்காகிய 325 அதிர்வுகள் கொண்ட மேற்சுரமே அது. இக்காந்தாரம் தெளிவாகக் கேட்கும் தம்புராவை எளிதில் கைவிடலாகாது. மின்னணுத் தம்புராவையும் கைப்பேசிச் சுருதியையும் நான் குறை கூறவில்லை. நாள்தோறும் சாதகம் செய்வதற்கும் பயணத்திற்கும் அவை நல்ல துணை. ஆயினும் மரத்தின் நடுக்கத்தை மடியிலும் தோளிலும் உணர்ந்து பாடுவதில் செவிக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு. இந்த மூன்றாம் சோதனையில் என் தந்தையாரின் தம்புராவே முதன்மை பெற்றது.

நான்காம் கேள்வியே கடினமானது: இதனை மீட்டப் போகிறவர் யார்? எங்கள் வீட்டில் இன்று பாடுகிறவள் என் பேத்தி ஒருத்திதான். அவள் சுருதி ஐந்து கட்டை. தந்தையாரின் தம்புரா எவ்வளவு சிறந்ததாயினும் அவள் குரலுக்கு அது பயன்படாது. உறையிட்டு மூலையில் நிறுத்தலாம். விழாநாளில் துடைத்துப் பொட்டு வைக்கலாம். மூன்று சோதனைகளிலும் தேறிய ஒரு கருவிக்கு அது தகுந்த வாழ்வாகுமா?

இவ்விடத்தில் எங்கள் மாவட்டத்துக் குடுமியான்மலையை நினைத்துக்கொண்டேன். அங்குள்ள குடைவரைக் கோயிலையொட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு இராகங்களுக்கு உரிய சுரக்கோவைகள் வெட்டப்பட்டுள்ளன. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது அறிஞர் பலர் கருத்து. நரம்புக் கருவியில் பயில்வதற்கென அமைந்தவை அவை என்பர். கல் நின்றது, சுரங்கள் நின்றன, அன்று அவற்றை மீட்டிய கருவியோ நம் கைக்கு வந்து சேரவில்லை. நம் பழைய யாழின் வரலாறும் இதுவே. பாடல்களிலும் உரைகளிலும் யாழ் வாழ்கிறது; மீட்டுவாரின்றி, செய்வாருமின்றி, மரம் மறைந்தது. எனவேதான் விபுலானந்த அடிகள், 1947-ஆம் ஆண்டு வெளிவந்த தம் யாழ் நூலில், நூற்சான்றுகளையும் கணிதத்தையும் கொண்டு யாழை மீண்டும் காணவேண்டியிருந்தது. மரக்கருவியைக் காப்பது பெட்டியன்று; பழகும் கையே. மீட்டுகிறவன்தான் தளர்ந்த தந்தியை மாற்றுவான். மரத்தின் விரிசலை முதலில் காண்பான். பழுது பார்க்கும் தொழிலாளிக்கும் வேலை கொடுப்பான்.

இவ்வாறு எண்ணித் தெளிந்தபின், தந்தையாரின் தம்புராவை அயலூரில் உள்ள பஜனைக் குழுவினருக்கு அளித்தேன். அங்கே ஆடவர் பலர் ஒரு கட்டையில் பாடுகின்றனர். மனைவியின் எளிய தம்புராவைப் பேத்திக்கென்று வைத்துக்கொண்டேன். மகன் சில நாள் வருத்தத்துடன்தான் இருந்தான். மார்கழி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அவனை அவ்வூர்ப் பஜனைக்கு அழைத்துச் சென்றேன். பத்துப் பன்னிரண்டு குரல்களுக்கு அடியில் அத்தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில், "தாத்தா பாடும்போது இப்படித்தான் கேட்குமா, அப்பா?" என்று மட்டும் கேட்டான்.

வளைந்த சிறு தம்புராவோ? பாட இயலாத கருவி பாடம் சொல்லலாம் அன்றோ! அதனை ஒரு பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு அளித்தேன். தந்தியின் நீளத்தையும் இழுவிசையையும் மாற்றி, மெர்சேன் விதிகளை மாணவர்கள் காதாலேயே கேட்டறிகின்றனர். வங்காளத்துச் சௌரீந்திர மோகன தாகூர் 1876-ஆம் ஆண்டு பெல்ஜிய மன்னருக்கு நம் நாட்டு இசைக்கருவிகள் ஏறத்தாழ நூற்றினை அனுப்பினார்; அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் தோன்றிய இசைக்கருவிக் காட்சிச்சாலையின் தொடக்கத்தில் அவையும் இடம்பெற்றன. கண்டு கற்பதற்கும் சில கருவிகள் வேண்டும். பாடக்கூடிய கருவிக்கோ பாடுவாரின் மடியே உரிய இடம்.

கல்லூரி மாணவர்களாகிய உங்களுள் சிலர் இன்று பேஸ் கிதார் வாசிக்கிறீர்கள். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கிதார் வகையிலிருந்து பரவிய கருவி அது. இளையராஜா அவர்களின் திரைப்பாடல்களில் அதற்குத் தனியிடம் உண்டு. தம்புராவைப்போல் ஒரே இடத்தில் நில்லாமல் அது நடந்து செல்வது; எனினும் பாட்டுக்கு அடிப்பகுதியைத் தாங்கும் கடமை இரண்டிற்கும் பொது. இரண்டு பேஸ் கிதார்களுள் ஒன்றை விடவேண்டிய நிலை வந்தால் இந்நான்கு கேள்விகளையே கேளுங்கள். கழுத்து வளைந்திருந்தால் உடனே தள்ளிவிட வேண்டா. பெரும்பாலானவற்றில் உள்ளே ஓர் எஃகுக் கம்பி உண்டு, அதனைத் திருகிச் சீர்செய்யலாம். தந்தி நீளம் 34 அங்குலமா, 30 அங்குலமா என்று பாருங்கள். சிறிய கைக்கு நீளம் குறைந்தது இணங்கும். மின்சாரத்தில் இணைப்பதற்கு முன் வெறும் மரத்தின் ஒலியைக் கேளுங்கள். இறுதியாக, அடுத்த ஆண்டு முழுவதும் உங்கள் கை எதனை நாடிச் செல்லும் என்று உங்களையே கேளுங்கள்.

எதனை வைத்துக்கொள்வது என்பதற்கு விலைச்சீட்டு விடை தராது. அழகும் பழைமையும்கூட முழு விடை தருவதில்லை. நம் வீட்டில் எது ஒலிக்குமோ அதனை வைத்துக்கொள்வோம். பிறர் வீட்டில் எது ஒலிக்குமோ அதனை அவரிடம் சேர்ப்போம். சேர்க்கும்போது அதன் சுருதி என்ன, வரலாறு என்ன, எந்தப் பிரடை வழுக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வைப்போம்.