நாய் இல்லாமல் காட்டுப்பன்றி வேட்டை: எந்த முறை, எதற்காக?

சில வருஷங்களுக்கு முன்னால் வேலை விஷயமா டெக்ஸஸில் ஆறு மாசம் இருந்தேன். கூட வேலை பார்த்தவரின் மாமனாருக்கு டாலஸிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில் ஒரு பண்ணை. ஒரு சனிக்கிழமை ராத்திரி பன்றி வேட்டைக்குக் கிளம்பினார்கள், வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். பரண் மேல் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். பதினெட்டு பன்றிகள் கூட்டமாக வந்தன. ஒரு குண்டு, ஒரு பன்றி. மிச்சம் பதினேழும் கண் இமைப்பதற்குள் மறைந்துவிட்டன.

எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. பண்ணைக்காரப் பெரியவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "ஒண்ணு செத்துது, பதினேழு பாடம் படிச்சுது" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அடுத்த வாரமே அவருடைய மக்காச்சோள வயலில், விதைத்த வரிசை பிடித்து விதை விதையாகத் தோண்டித் தின்றிருந்தன. அதுவும் பரணுக்கு எதிர்ப்பக்கத்தில்!

அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தேடித்தேடிப் படித்து வருகிறேன். நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், இது என்ன பன்றி?

அமெரிக்கக் கண்டத்தில் பன்றி பூர்வீக விலங்கு இல்லை. 1539-ல் ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ தெ சோட்டோ ஃப்ளோரிடாவில் இறங்கியபோது உணவுக்காக உயிரோடு பன்றிகளையும் கொண்டுவந்தார். பின்னால் வந்தவர்கள் வளர்த்ததிலும் தப்பியவை காடேறின. 1930-களில் டெக்ஸஸ் பண்ணைகளில் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றியைக் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் கலந்த வம்சம்தான் இன்று அலைவது. அமெரிக்க வேளாண் துறைக் கணக்குப்படி 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 60 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

பெண் பன்றி ஆறு முதல் எட்டு மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயார். சினைக்காலம் சுமார் 115 நாள், ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. இதை வைத்து அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. ஓர் இடத்தில் எண்ணிக்கை ஏறாமல் இருக்கவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும். குறைக்க அல்ல, ஏறாமல் நிறுத்த மட்டும்! இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாய் ஏன் வேண்டாம்?

டெக்ஸஸில் நாய் வைத்துப் பன்றி பிடிப்பது பழைய வழக்கம். ஒரு வகை நாய் மோப்பம் பிடித்து மடக்கும், இன்னொரு வகை காதைக் கவ்விப் பிடிக்கும். இதில் சிக்கல் பல. கோரைப்பல் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். பெரியவரின் நாய்கள் இரண்டு அப்படித்தான் போயின. பன்றியிடமிருந்து தொற்றும் ஒரு வைரஸ் நோய் வந்தால் நாய் பிழைப்பது அரிது. நாய்க்குப் பட்டா நிலம், பக்கத்து நிலம் தெரியாது. டெக்ஸஸில் பெரும்பாலான நிலம் தனியாருடையது, வேலி தாண்டினால் சண்டைதான். தவிர, துரத்தப்பட்ட கூட்டம் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே வராது, பக்கத்துக்காரர் வயலுக்குப் போய்விடும்.

நாய் இல்லையென்றால் எதை நம்புவது?

பன்றியின் உடம்பைத்தான். அதற்கு மூக்கு அபாரம், காதும் கூர்மை, கண் மட்டும் சுமார். அதனால் எந்த முறையானாலும் முதல் விதி காற்றுதான். காற்று உங்களிடமிருந்து பன்றிப் பக்கம் வீசினால் அன்றைய வேட்டை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது, பன்றிக்கு வியர்வை மூலம் சூட்டைத் தணிக்க முடியாது. வெயில் காலத்தில் பகலெல்லாம் சேற்றுக்குழியிலும் புதரிலும் கிடந்துவிட்டு ராத்திரிதான் மேயும். குளிர்காலத்தில் பகலிலும் பார்க்கலாம். மூன்றாவது, பெண் பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும், வளர்ந்த ஆண் பன்றி பெரும்பாலும் தனியாகத் திரியும்.

இனி முறைகள்.

1. பரண். மக்காச்சோளம் போட்டுப் பழக்கிய இடத்துக்கு எதிர்க்காற்றில் காத்திருப்பது. சோளத்தை ஊறவைத்துப் புளிக்கவிட்டுப் போட்டால் மான் அவ்வளவாகக் கிட்ட வராது, பன்றி வரும். செலவு குறைவு, புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஒரு ராத்திரிக்கு ஒன்றிரண்டுதான்.

2. பின்தொடர்தல். புதுத் தடம், தோண்டிய மண், மரத்தில் சேறு உரசிய தடயம் பார்த்துக் காற்றை எதிர்கொண்டு நடப்பது. தனி ஆண் பன்றிக்குச் சரியான முறை. அடர் புதரில் வேண்டாம், காயம்பட்ட பன்றி திரும்பிப் பாயும்.

3. வெப்பம் பார்க்கும் தொலைநோக்கி. உடல் சூட்டை இருட்டிலும் காட்டும். அறுவடை முடிந்த திறந்த வயலில் ஒரே நேரத்தில் நாலைந்து விழும். கருவி விலை அதிகம். பன்றி என்று நினைத்துக் கன்றுக்குட்டியைச் சுட்டுவிடாமல் இருக்கப் பயிற்சி வேண்டும்.

4. ஹெலிகாப்டர். 2011-ல் வந்த டெக்ஸஸ் சட்டம், காசு கொடுத்து வரும் வேட்டைக்காரர்களும் மேலிருந்து சுடலாம் என்றது. திறந்த வெளியில் எண்ணிக்கை அடிப்படையில் இது பலமான முறை. மரம் அடர்ந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. செலவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

5. பட்டிப் பொறி. கம்பி வலைத் தட்டிகளை வட்டமாக நிறுத்தி, கதவைத் திறந்தே வைத்து, நாள்கணக்கில் உள்ளே தீனி போடுவது. மூலை இருந்தால் பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும், அதனால்தான் வட்டம். கேமரா மூலம் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்து, கூட்டம் முழுசும் உள்ளே வந்த பிறகுதான் கதவை விழவைக்க வேண்டும். ஒன்று வெளியே நின்றாலும் காத்திருக்கணும், தப்பியது மறுபடி கிட்டவே வராது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்பது முதல் கேள்வி இல்லை. "ஒரு பன்றி வேண்டுமா, கூட்டமே போகணுமா?" என்பதுதான் முதல் கேள்வி. கறிக்கு ஒன்று போதும் என்றால் பரண். தனியாகத் திரியும் ஆண் என்றால் பின்தொடர்தல். பயிரைக் காப்பாற்றணும் என்றால் முதலில் பட்டி, அதில் சிக்காத ஒன்றிரண்டுக்கு மட்டும் இரவுத் துப்பாக்கி. இந்த வரிசையை மாற்றிப் போட்டால், நாங்கள் அன்று செய்ததுதான் நடக்கும். மென்பொருளில் பிழையைச் சரிசெய்யாமல் பிழைச் செய்தியை மட்டும் மறைப்பது மாதிரி.

கறி விரும்பிகளுக்கு ஒரு வார்த்தை: புரூசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும். அறுக்கும்போது கையுறை கட்டாயம். கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வேகணும்.

வேட்டையே வளர்த்த கதை

இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டென்னசி மாநிலம் 1999-ல் பன்றி வேட்டையை மாநிலம் முழுக்க, எண்ணிக்கை வரம்பில்லாமல் திறந்துவிட்டது. குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் தங்கள் ஊரிலும் வேட்டை கிடைக்கணும் என்று சிலர் பன்றிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். 2011-க்குள் 95 மாவட்டங்களில் கிட்டத்தட்ட 80-ல் பன்றி இருந்தது. அந்த வருஷம் மாநில அரசு கொள்கையைத் திருப்பிப் போட்டு, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்து எடுத்து, நில உரிமையாளர்களுக்கு அழிக்கும் உரிமையைக் கொடுத்தது. கான்சஸ் 2006-லேயே விளையாட்டு வேட்டையைத் தடை செய்திருந்தது. மிசூரியின் வனப் பாதுகாப்புத் துறையும் 2016-ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையை நிறுத்தியது, பொறிக்குப் பழகும் கூட்டத்தை வேட்டைக்காரர்கள் கலைத்துவிடுகிறார்கள் என்பது காரணம்.

ஒரு தொல்லையை ஒழிப்பது சிலருக்கு பொழுதுபோக்காகவும் வருமானமாகவும் ஆகிவிட்டால், அந்தத் தொல்லை தீராமல் இருப்பதில் அவர்களுக்கு ஒரு லாபம் வந்துவிடுகிறது.

நம்மூர் வாசகர்களுக்கு: இதை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். நம்மூர்க் காட்டுப்பன்றி இந்த மண்ணின் பூர்வீக விலங்கு, வனவிலங்குச் சட்டத்துக்கு உட்பட்டது. இங்கே பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் யானையின் வாயைச் சிதைக்கிறது. விவசாயியின் நஷ்டம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான், தீர்வு ஒன்றல்ல.

நான் ஊர் திரும்பும் முன் பெரியவர் பட்டி போட்டார். மூன்று வாரம் வெறும் சோளம்தான் போட்டார், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஒரு ராத்திரி, கேமராவில் பதினேழையும் எண்ணி முடித்த பிறகு கதவை இறக்கினார். பரண் மேல் உட்கார்ந்த அன்று இருந்த விறுவிறுப்பில் கால்வாசிகூட இதில் இல்லை. ஆனால் அந்தப் பருவத்து மக்காச்சோளம் வீட்டுக்கு வந்தது.