"நம்ம பள்ளி ஒற்றுமைக்கு எதிரா, அக்கா?"

பல்கலைக்கழக விடுமுறையில் ஊருக்கு வந்தால், சனிக்கிழமை காலையில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித் தருவேன். (2007இல் பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) வருகிறவர்கள் பதினோரு பேர். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள்.

அன்றைய பாடம் 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை. எஸ்.பி.எம். தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த குறிப்பையே பலகையில் எழுதினேன். பிரிட்டிஷார் காலத்தில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று பள்ளிகள் பிரிந்து கிடந்தன, ரசாக் அறிக்கை பொதுவான பாடத்திட்டத்தால் அவற்றை இணைத்தது, ஒற்றுமை வளர்ந்தது. மூன்று வரி, மூன்று மதிப்பெண்.

படிவம் இரண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "அப்படின்னா நம்ம பள்ளி ஒற்றுமைக்கு எதிரா, அக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று தப்பித்து வந்தேன்.

வீட்டில் பாட்டியிடம் கேட்டேன். அவர் தோட்டப் பள்ளியில் முதலாம் வகுப்பு சேர்ந்தது அதே 1956இல். 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்பது 1923 தொழிலாளர் சட்டம். அக்கறை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்திலேயே தங்கும், பால்மரம் வெட்ட ஆள் கிடைக்கும். 'பிரிந்து கிடந்தன' என்று எழுதினேனே, பிரித்தது யார் என்பது அதில் இல்லவே இல்லை.

"கிராணி புள்ளைங்க டவுன்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போகும்" என்றார் பாட்டி. "அங்க மலாய்க்காரப் புள்ள, சீனப் புள்ள எல்லாம் ஒண்ணாத்தான் உக்காருமாம். எங்களுக்கு லயத்துப் புள்ளைங்கதான்." அந்தப் பிரிவில் இனம் மட்டும் இல்லை, பணமும் இருந்தது. பாட்டி ஆறாம் வகுப்போடு நின்றார். 1960களின் நடுவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு எடுக்கப்பட்ட பிறகு, அவர் தம்பி புகுமுக வகுப்பு போய், மேலே படித்தார். சின்னத் தாத்தாவுக்கு அந்த இணைப்பு ஒரு வாசல். அவர் வீட்டுக் கல்யாணங்களில் பழைய மலாய் நண்பர்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் பாட்டியிடம் தமிழ்ப்பள்ளியைக் குறைத்துப் பேசிப் பாருங்கள், சோறு கிடைக்காது!

அடுத்த சனிக்கிழமை பலகையைத் தொடவில்லை. ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். ஒருவன் 1951 பார்ன்ஸ் குழு உறுப்பினர்: தமிழ், சீனப் பள்ளிகளுக்குப் பதில் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளி வேண்டும் என்பவர். அதே ஆண்டின் ஃபென்-வூ அறிக்கையை ஏந்தி, சீனக் கல்வி மலாயாவுக்கு எதிரானதல்ல என்பவர் இன்னொருவர். தமிழாசிரியர் சீட்டு அந்த மாணவிக்கே கிடைத்தது. ரசாக் அறிக்கை தமிழ் ஆரம்பப்பள்ளியை விட்டுவைத்தது. ஆனால் தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழி என்பதை இறுதி இலக்காகச் சொன்னது. பள்ளிகளை மாற்ற அமைச்சருக்கு 1961 கல்விச் சட்டம் தந்த அதிகாரம், 1996 சட்டம் வரும்வரை இருந்தது. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நான் எதிர்பாராதது மலாய்க் கம்பத்துத் தந்தையாக வந்த பையன். சிரித்துக்கொண்டே தொடங்கினான். மலாய்ப் பிள்ளை அப்பாவைவிடக் கொஞ்சம் நல்ல விவசாயியாகவோ மீனவனாகவோ ஆனால் போதும் என்பதே காலனிய அரசின் கொள்கை; சுதந்திரத்துக்கு முன் மலாய்மொழி இடைநிலைப்பள்ளி இல்லாத குறை. இரண்டையும் சீட்டில் எழுதியிருந்தேன். படித்ததும் அவன் குரல் மாறியது. "என் மகன் தஞ்சோங் காராங் வயல்லயே கெடக்கணுமா, சார்?" என்று பார்ன்ஸைப் பார்த்துக் கத்தினான். மண்டபம் அமைதியாகிவிட்டது.

பிறகு அமெரிக்காவைப் பற்றிச் சொன்னேன். கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனித்தனி அரசுப் பள்ளி வைப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 1954இல் பிரவுன் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தென் மாநிலங்களில் இணைப்பு என்ற பெயரில் பெரும்பாலும் மூடப்பட்டவை கறுப்பினப் பள்ளிகள். வேலை இழந்த கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே சட்டமே பிள்ளையைத் தடுத்தது, இங்கே அப்படியில்லை. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனாலும் இணைக்கும்போது யாருடைய பள்ளி மூடப்படுகிறது என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொது.

இது பழங்கதையும் அல்ல. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சொன்னது 2021 டிசம்பரில். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல். பதினோரு பேரில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

"எதிரில்லைன்னு நான் நினைக்கிறேன்" என்று கடைசியில் அவளிடம் சொன்னேன். "ஆனா எங்க பாட்டி லயத்தை விட்டு வெளிய போக முடியாததும் உண்மை." தலையாட்டிக்கொண்டே எழுதினாள். நோட்டை எட்டிப் பார்த்தேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றுக்கும் அரைப் பக்கம் நிரம்பியிருந்தது. சீனம் என்ற தலைப்பின் கீழ் வெறுமை.

"சீட்டுல இருந்தது மட்டும் பத்தாது அக்கா. புக்கிட் ரோத்தான்ல அப்பா சாமான் வாங்குற கடை அங்கிள் பழைய சீனப் பள்ளியில படிச்சவரு. அடுத்த சனிக்கிழமை போய்க் கேக்கலாமா?"

கேள்விகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.