பால் மறந்த பன்றிக்குட்டிகளின் பேதியும் களிமண் தாதுக்களும்

என் பிர்க்காவைச் சேர்ந்த குடியானவர் ஒருவர், ஓர் ஈற்றின் ஒன்பது குட்டிகளில் நான்கினைப் பால் மறக்கச் செய்த ஒரு வாரத்திற்குள் பேதியால் இழந்தார். எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு, களிமண் நல்லதெனப் பிறர் சொல்லக் கேட்டு, ஏரியில் வெட்டிய மண்ணைத் தவிட்டிற் கலந்து கொடுத்து வந்தார். அவர் கேள்வியுற்றதில் உண்மையுண்டு. அவர் எடுத்த மண்ணே தவறு.

தாயைப் பிரிந்த குட்டிக்குப் பாலின் பாதுகாப்பு நின்றுவிடுகிறது. புதிய ஆகாரத்தை ஜீரணிக்கும் சக்தியும் அப்போது முற்றியிராது. இத்தருணத்தில் ஈ. கோலி என்னும் நுண்கிருமியின் சில வகைகள் குடலின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சினை வெளியிடுகின்றன. அதனால் உடலின் நீர் குடலுக்குள் வடிந்து பேதியாகிறது.

பெண்டோனைட் போன்ற களிமண் தாதுக்கள் மெல்லிய ஏடுகள் அடுக்கினாற்போல் அமைந்தவை. ஆதலின் சிறிதளவு மண்ணிலும் மிகுந்த பரப்பு உண்டு. அப்பரப்பு நஞ்சுகளைப் பற்றி மலத்துடன் வெளியேற்றும். பூஞ்சை பிடித்த தானியத்திலுள்ள அஃப்ளடாக்ஸினையும் பெண்டோனைட் பற்றும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனையில், ஸ்மெக்டைட், கயோலின், ஜியோலைட் ஆகியவற்றைத் தனித்தும் சேர்த்தும் 100 கிலோ தீவனத்திற்கு 300 கிராம் வீதம் கலந்து கொடுத்தனர். ஈ. கோலி கிருமி ஊட்டப்பெற்ற குட்டிகளில் பேதியின் கடுமை குறைந்தது. ஆயினும் குட்டிகளின் வளர்ச்சி அதிகரிக்கவில்லை. எனவே இது பேதியைத் தணிக்கும் துணையேயன்றிக் கொழுக்கச் செய்யும் மருந்தன்று.

எம்மண்ணும் ஆகுமென எண்ணுதல் அபாயகரம். 1997இல் அமெரிக்காவில் சோயா மாவு கட்டியாகாதிருக்கச் சேர்த்த சுரங்கக் களிமண்ணில் டையாக்ஸின் நச்சு இருந்தமையால், கோழிகளும் வளர்ப்பு மீன்களும் மாசடைந்தன. ஏரி மண்ணிலும் கொட்டில் மண்ணிலும் பூச்சிமருந்தின் மிச்சமும், பல்லாண்டு உயிரோடிருக்கும் உருளைப்புழுவின் முட்டைகளும் இருக்கக்கூடும்.

ஆகவே குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தீவனத்திற்கென்றே பரிசோதித்து விற்கப்படும் களிமண்ணையே வாங்குக.

2. அளவைக் கையால் மதிப்பிடாது நிறுத்தே கலக்குக. மிகுந்தால் தீவனத்தின் சத்து குறையும்.

3. தீவனத்தில் மருந்து கலந்து கொடுப்பதாயின் கால்நடை வைத்தியரைக் கேட்டே களிமண் சேர்க்குக. சில மருந்துகளையும் அது பற்றிக்கொள்ளும்.

4. பால் மறக்குமுன்னரே குட்டிகளுக்குச் சிறிது சிறிதாகத் தீவனம் பழக்குக. பிரித்த பின் ஈரமும் குளிர்காற்றும் அண்டாத படுக்கையும், எந்நேரமும் சுத்தமான நீரும் அளிக்குக.

5. பேதி கண்ட குட்டி இறப்பது பெரும்பாலும் நீர் வற்றியே. அதற்கு உப்பும் குளுகோஸும் தக்க அளவிற் கரைத்த நீரை உடனே புகட்டி, வைத்தியருக்குத் தெரிவிக்குக.

மேற்கூறிய குடியானவர் ஏரி மண்ணை நிறுத்தினார். முதற்காரியமாக ஈரத் தரையைச் செப்பனிட்டு வைக்கோல் பரப்பினார். தரை ஈரமாயிருக்கையில் எக்களிமண்ணும் பயன் தராதென்பதை நாம் மறத்தலாகாது.