கையசைப்பது யாருக்கு?

என் படிப்பு மேசைக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. பனி படர்ந்த கரையில் சிலர் கடலைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். பல்கலைக்கழக முதலாமாண்டு விடுமுறையில் அதை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். 'மீட்பு, அண்டார்ட்டிக்கா, 1916' என்று கீழே அச்சிட்டிருந்தது. தேர்வில் மதிப்பெண்கள் சரிந்திருந்த நேரம் அது. ஆபத்தில் இருப்பவர்களுக்கு உதவி வந்து சேரும் காட்சி எனக்கு ஆறுதலாக இருந்தது.

சட்டத்தை மாட்ட உதவிய அம்மா படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "கை ஆட்டுறாங்களே, வர்றவங்களுக்கா, போறவங்களுக்கா?" என்று கேட்டார்.

"வர்றவங்களுக்குத்தாம்மா, கீழே போட்டிருக்கே" என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி மனத்தில் ஒட்டிக்கொண்டது. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

படத்தை எடுத்தவர் ஆஸ்திரேலியரான ஃபிராங்க் ஹர்லி. 1914ல் எர்னெஸ்ட் ஷேக்கல்டன் தலைமையில் அண்டார்ட்டிக்காவுக்குப் புறப்பட்ட பயணத்தின் புகைப்படக் கலைஞர். அவர்களின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் வெடெல் கடலின் பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கியது. பத்து மாதங்களில் பனி அதை நசுக்கிவிட்டது. இருளில் வெண்பனி போர்த்தி நிற்கும் அந்தக் கப்பலின் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். துருவ இரவில் கப்பலைச் சுற்றிலும் சுமார் 20 ஒளிவெடிகளை வைத்து ஹர்லி எடுத்த படம் அது. இன்றும் பல வீடுகளின் வரவேற்பறைகளை அலங்கரிக்கிறது.

ஆனால் அந்தப் படங்கள் தப்பிப் பிழைத்த கதை பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. உடைந்த கப்பலுக்குள் புகுந்த உறைநீரில் இறங்கி, தகடுகள் இருந்த தகரப் பெட்டிகளை ஹர்லி மீட்டார். அடுத்து இன்னொரு சோதனை. பனியில் இழுத்துச் செல்லும் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. ஹர்லியும் ஷேக்கல்டனும் பனிமேல் அமர்ந்து ஒவ்வொரு தகடாகப் பார்த்தார்கள். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 400 தகடுகளை உடைத்தார்கள். பிறகு மனம் மாறிவிடக்கூடாது என்பதற்காகவே உடைத்தார்களாம். கைத்தொலைபேசியில் ஒரே உணவுத்தட்டை எட்டுக் கோணங்களில் வைத்திருக்கும் எனக்கு அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

பெரிய கேமராக்களையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஹர்லியிடம் எஞ்சியவை ஒரு சிறிய பாக்கெட் கேமராவும் மூன்று படச்சுருள்களும் மட்டுமே. என் சுவரில் இருக்கும் படம் அந்தச் சிறிய கேமராவில் எடுக்கப்பட்டது.

அம்மா கேட்ட கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. அது மீட்புக் காட்சியே அல்ல. 1916 ஏப்ரல் 24ஆம் தேதி எலிஃபண்ட் தீவில் எடுத்தது. ஷேக்கல்டனும் ஐந்து பேரும் ஏழு மீட்டர் நீளங்கூட இல்லாத படகில், சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தெற்கு ஜார்ஜியாவுக்கு உதவி தேடிப் புறப்பட்டார்கள். தீவில் தங்கிய 22 பேர் வழியனுப்பிக் கையசைத்தார்கள். பின்னாளில் அந்தப் படம் திருத்தப்பட்டு, 'மீட்பு' என்ற பெயரில் உலகுக்குக் காட்டப்பட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஹர்லி பின்னர் முதல் உலகப் போரிலும் பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார். போர்க்களத்தை ஒரே நெகட்டிவில் காட்ட முடியாது என்பது அவர் வாதம். அது போலி என்றார் ஆஸ்திரேலியப் போர்ச் செய்தியாளர் சார்ல்ஸ் பீன். செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் வரையும் இன்று, நூறாண்டுக்கு முந்தைய அந்தச் சண்டை நம் வகுப்பறை விவாதம்போலவே இருக்கிறது. நான் பீன் பக்கம். படம் அழகாக இருப்பது வேறு, அது சொல்வது உண்மையாக இருப்பது வேறு.

படத்தைக் கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். கழற்றவில்லை. பொய் சொன்னது குறிப்புதான். அந்த மனிதர்கள் உண்மையானவர்கள். படகு திரும்பி வருமா என்று தெரியாமலே கையசைத்தவர்கள். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளின் அடியில் அவர்கள் 128 நாள் காத்திருந்தார்கள். தலைவர் இன்று வரக்கூடும் என்று சொல்லி, தினமும் காலையில் படுக்கைகளைச் சுருட்டித் தயாராக வைக்கச் சொல்வாராம் பொறுப்பிலிருந்த ஃபிராங்க் வைல்ட். ஆகஸ்ட் 30ஆம் தேதி, சிலி நாட்டின் 'யெல்சோ' கப்பலில் ஷேக்கல்டன் வந்தார். எண்டியூரன்ஸில் சென்ற 28 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

நீங்களும் இத்தகைய படத்தை அறையில் மாட்ட விரும்பினால் என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள்: கடையின் விளக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். ஹர்லியின் படங்கள் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும் லண்டனிலுள்ள அரச புவியியல் கழகத்திலும் இருக்கின்றன. அவற்றின் இணையத்தளங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ3 அளவில் தெளிவாக அச்சிட ஏறத்தாழ 3,500க்கு 5,000 பிக்சல் தேவை. நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் தடித்த அட்டை வைத்துச் சட்டமிடுங்கள். நேர்வெயில் படும் சுவர் வேண்டாம்.

பழைய குறிப்பின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, என் கையெழுத்தில் 'வழியனுப்புதல், எலிஃபண்ட் தீவு, 24 ஏப்ரல் 1916' என்று எழுதினேன். அம்மாவிடம் காட்டினேன்.

"அப்பவே நெனச்சேன்" என்றார். "சரி, உன் படுக்கைய எப்பச் சுருட்டப் போற?"