காலுக்கு ஷூவா, ஷூவுக்குக் காலா?

"செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. யாரும் தறிப்பதில்லைதான். ஆனால், சுண்டு விரலை நசுக்கிக்கொண்டு, குதிகாலில் கொப்புளத்துடன் நடமாடுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? "என் சைஸ் எட்டு" என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் கொடுத்த பெட்டியை அப்படியே வாங்கிக்கொண்டு போவதால் வரும் வினை இது!

பள்ளிப் பிள்ளைகள் முதல் பென்ஷன்காரர்கள் வரை இன்று விரும்பி அணிவது ஸ்நீக்கர். ரப்பர் அடிப்பாகம் இருப்பதால் பூனைபோல் ஓசைப்படாமல் நடக்கலாம். அதனால்தான் அந்தப் பெயர். ஆனால், அளவு தவறிவிட்டால் ஓசைப்படாமல் நடக்க முடியாது. "அப்பா, அம்மா" என்று முனகிக்கொண்டுதான் நடக்க வேண்டும்!

எட்டு என்றால் எங்கும் எட்டுதானே என்பீர்கள். அதுதான் இல்லை. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பியக் கணக்கிலோ சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஆண்களுக்கான பிரிட்டிஷ் 8, அமெரிக்காவில் ஏறக்குறைய 9. ஐரோப்பாவில் சுமார் 42. போதாததற்கு, கம்பெனிக்குக் கம்பெனி அச்சு வேறு மாறுகிறது.

அகலம் என்று ஒன்றும் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021-22இல் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளக்க ஏற்பாடு செய்தார்கள். மேல்நாட்டார் பாதத்தைவிட நம்மவர் பாதம் அகலம் என்று தெரிய வந்தது. பக்கவாட்டில் பிடிக்கிறதே என்று பலர் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறார்கள். அப்போது நீளம் அதிகமாகி, குதிகால் கழன்று கழன்று வரும். அகலமான அச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதே சரி.

சரி, எப்படி அளப்பது? மாலையில் அளவெடுங்கள், பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். சுவரோரம் காகிதத்தைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்றுகொண்டு, நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம்! இரு கால்களும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். ஆகையால், பெரிய காலுக்கே வாங்குங்கள்.

கடைக்கு, வழக்கமாக அணியும் காலுறையோடு போங்கள். இரண்டையும் போட்டு, நாடாவைக் கட்டி, எழுந்து நடந்து பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் நழுவக் கூடாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்ற சமாதானத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு, "வளர்கிற பிள்ளைதானே" என்று இரண்டு நம்பர் கூட்டி வாங்கினால் தடுக்கி விழுவார்கள். சில மாதங்களுக்கொரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருக்கிறார்களா? அவர்களுடைய பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஷூ கடிப்பதே தெரியாமல் புண்ணாகி, கவனிக்காமல் விட்டால் காலுக்கே ஆபத்தாகிவிடும். புது ஷூவைச் சிறிது நேரம் அணியச் சொல்லி, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால், என்ன விலை கொடுத்திருந்தாலும் அந்த ஷூ வேண்டாம்!